576 வரிகளும் ஒரு வட்டு மூலக்கூறும்: பெங்களூரிலிருந்து பிளாஸ்மா - எல்சிடி வரலாறு

2008 ஏப்ரல் 18 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்கில் இந்தியன் பிரீமியர் லீக்கின் முதல் ஆட்டம் நடைபெற்றது. பிரெண்டன் மெக்கல்லம் 73 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 158 ஓட்டங்கள் குவித்தார். உள்ளூர் அணி 82 ஓட்டங்களில் சுருண்டது. அக்காலத்தில் நகரின் நடுத்தர வகுப்புக் குடும்பங்கள் பழைய படக்குழாய்ப் பெட்டியை அகற்றிவிட்டுச் சுவரில் மாட்டும் தட்டைத் திரைக்கு மாறத் தொடங்கியிருந்தன. கடைக்குச் சென்றவர்முன் இரண்டு வினாக்கள் நின்றன: பிளாஸ்மாவா, எல்சிடியா? எச்டி ரெடியா, ஃபுல் எச்டியா? முதல் வினா தொழில்நுட்பம் பற்றியது, இரண்டாவது பிரிதிறன் பற்றியது. இரண்டுக்கும் விடை தேடிப் பெருந்தொகை செலவிட்டவர்களின் வீட்டுக்கும், மூலையில் பழைய பெட்டி வைத்திருந்தவர்களின் வீட்டுக்கும் அன்றைய ஆட்டம் வந்து சேர்ந்தது ஒரே வடிவத்தில்தான்: 576 வரிகள், அவையும் ஒன்றுவிட்டொன்றாகப் பகுக்கப்பட்டு, வினாடிக்கு 50 அரைச் சட்டகங்களாக.

பிளாஸ்மாவின் தோல்வியைப் பற்றிய வழக்கமான விளக்கம் எளிமையானது. பிளாஸ்மாவின் படம் உயர்ந்தது, எல்சிடியின் விலை குறைந்தது, சந்தை மலிவைத் தேர்ந்தது என்பது அதன் சாரம். ஜப்பானையும் அமெரிக்காவையும் மையமாக வைத்து எழுதப்படும் தொழில்நுட்ப வரலாறுகளில் இவ்விளக்கம் ஓரளவு பொருந்தும். பெங்களூரிலிருந்து பார்க்கும்போது அதில் இரண்டு பெரிய இடைவெளிகள் தென்படுகின்றன. ஒன்று, வாங்கியவருக்குக் கிடைத்த ஒளிபரப்புக்கும் அவர் ஒப்பிட்டுப் பார்த்த எண்களுக்கும் இடையிலான தொடர்பு. மற்றொன்று, எல்சிடியின் மிகப் பெரிய குறை நீங்கியதில் இதே நகரத்தின் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு இருந்த பங்கு.

இரு தொழில்நுட்பங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை. 1964இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, ராபர்ட் வில்சன் ஆகியோர் பிளாஸ்மாப் பலகையை உருவாக்கினர். தொலைக்காட்சி அவர்கள் நோக்கமன்று. 'பிளேட்டோ' என்ற கணினிவழிக் கல்வி அமைப்பின் மாணவர் முனையத்துக்கு, எழுதியதைத் தானே நினைவில் வைத்திருக்கும் திரை ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஆரஞ்சு நிறத்தில் மட்டும் ஒளிர்ந்த அத்திரை பின்னர் 512க்கு 512 புள்ளிகள் கொண்டதாக வளர்ந்தது. வகுப்பறைக்காகப் பிறந்த கருவி வரவேற்பறையின் ஆடம்பரமாக முடிந்தது தொழில்நுட்ப வரலாற்றில் அரிதான நிகழ்வன்று. திரவப் படிகத் திரையை 1968இல் ஆர்சிஏ நிறுவனத்தின் ஜார்ஜ் ஹெயில்மையர் குழு பொதுவெளியில் காட்டியது. 1970-71இல் ஷாட், ஹெல்ஃப்ரிஷ் ஆகியோரின் முறுக்கிய நெமாட்டிக் அமைப்பும், 1973இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் ஜார்ஜ் கிரே உருவாக்கிய நிலைத்தன்மை மிக்க சயனோபைஃபீனைல் சேர்மங்களும் கைக்கடிகாரத்துக்கும் கணிப்பானுக்கும் வழி திறந்தன.

செயல்முறையில் இரண்டும் நேரெதிரானவை. பிளாஸ்மாவின் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். நியான், செனான் வாயுக் கலவை நிரம்பிய நுண்ணறையில் மின்னிறக்கம் நிகழ, எழும் புறஊதாக் கதிர் ஒளிர்பொருள் பூச்சில் பட்டு நிறமாகிறது. அறை அணைந்தால் ஏறக்குறைய முழு இருள். எல்சிடி தானே ஒளிர்வதில்லை. பின்னால் எப்போதும் எரியும் விளக்கின் ஒளியை இரு தளவிளைவாக்கிகளுக்கு நடுவே உள்ள திரவப் படிகம் திருப்பிவிட்டு மறைக்கிறது, அல்லது கடத்துகிறது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே மற்ற எல்லா வேறுபாடுகளும் கிளைத்தன. பிளாஸ்மாவின் கருமை ஆழமானது, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, ஓடும் பந்து குழம்பாது. எல்சிடியில் கருமை சாம்பலாகக் கசியும், பக்கத்தில் அமர்ந்தவருக்கு முகங்கள் வெளிறும், ஒவ்வொரு சட்டகமும் அடுத்தது வரும்வரை திரையில் நிலைத்து நிற்பதால் வேகமான அசைவு கண்ணுக்கு மங்கும். எனினும் பகலில் சன்னல் திறந்திருக்கும் அறையிலும், குழல்விளக்குகள் நிறைந்த கடையிலும் எல்சிடியே பளிச்சென்று தெரியும். பிளாஸ்மாவின் முகப்புக் கண்ணாடி எதிரிலிருக்கும் விளக்கையும் சேர்த்துக் காட்டும். தேர்வு நடந்த இடம் கடை, படம் பார்த்த இடம் வீடு. விற்பனைக் கணக்குகளை விருப்பத்தின் சான்றாக எடுத்துக்கொள்ளும் ஆய்வாளர்கள் இவ்வேறுபாட்டைப் போதிய அளவு கருதுவதில்லை. (பிளாஸ்மாவுக்கு உயரமும் ஒவ்வாது. காற்றழுத்தம் குறைந்த மலையூர்களில் பலகை ரீங்கரிக்கும். சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூருக்கு அச்சிக்கல் இல்லை. 2,240 மீட்டர் உயர உதகமண்டலத்தில் வாங்கியவர் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.)

பிரிதிறனுக்கு வருவோம். வாயு அறையைச் சிறிதாக்கினால் அதன் ஒளித்திறன் குறையும். ஆகவே குறைந்த அளவுள்ள பிளாஸ்மாத் திரையில் நிறையப் புள்ளிகளை அடைப்பது கடினம். எல்சிடியின் புள்ளிகள் கண்ணாடிமேல் ஒளியச்சு முறையில் வரையப்படுபவை. 32 அங்குலத்தில் 1366க்கு 768 என்பது அதற்குப் பெரிய சுமையாக இருக்கவில்லை. இதன் விளைவாகச் சந்தையில் விந்தையான எண்கள் உலவின. 42 அங்குலப் பிளாஸ்மாக்களில் தொடக்ககாலத்தவை 852க்கு 480. அடுத்து வந்தவை 1024க்கு 768. அகலத் திரையில் இவ்வெண்ணிக்கையைப் பரப்ப ஒவ்வொரு புள்ளியும் உயரத்தைவிட மூன்றிலொரு பங்கு கூடுதல் அகலமுடையதாக அமைக்கப்பட்டது. 768 வரிகள் உள்ளதால் 'எச்டி ரெடி' முத்திரைக்குத் தகுதி கிடைத்தது. எல்சிடி விளம்பரங்களோ பத்து இலட்சம் புள்ளிகள், பின்னர் இருபது இலட்சம் புள்ளிகள் என்று முழங்கின.

இந்த எண்களை இந்திய ஒளிபரப்போடு பொருத்திப் பார்த்தால் கதை மாறுகிறது. இந்தியா ஏற்ற பால் முறையில் 625 வரிகள். கண்ணுக்குத் தெரிபவை 576. அமெரிக்க என்டிஎஸ்சி முறையில் தெரிபவை 480. அதாவது 852க்கு 480 பலகை அமெரிக்க ஒளிபரப்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அதைப் பெங்களூரில் மாட்டியவர் 576 வரிகளில் 96ஐ, ஆறில் ஒரு பங்கை, பலகையின் எல்லையிலேயே இழந்தார். பெரும் விலை கொடுத்து வாங்கிய தட்டைத் திரை, பழைய படக்குழாயைவிடக் குறைவான வரிகளைக் காட்டியது! மறுமுனையில், 1080 வரிகள் கொண்ட திரை வாங்கியவருக்குத் தொலைக்காட்சியிலிருந்து அவற்றை நிரப்ப எதுவும் வரவில்லை. 576ஐ 1080ஆக நீட்டும் வேலையைப் பெட்டிக்குள் இருந்த ஒரு சில்லு செய்தது. கம்பிவடத்தில் வந்த அனலாக் படத்தின் இரைச்சலையும் அது சேர்த்தே பெரிதாக்கியது. நல்ல திரையில் படம் மோசமாகத் தெரிகிறது என்ற அன்றைய பரவலான புகாருக்குக் காரணம் இதுவே.

கண்ணின் கணக்கும் உண்டு. இயல்பான பார்வையுள்ள கண் ஒரு பாகையின் அறுபதிலொரு பங்கு வரை பிரித்தறியும். 42 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 52 சென்டிமீட்டர். இதன்படி 1080 வரிகளைத் தனித்தனியே உணர 1.7 மீட்டருக்குள் அமர வேண்டும். 768 வரிகளுக்கு 2.3 மீட்டர். 3 மீட்டருக்கு அப்பால் 576 வரிகளே கண்ணுக்குப் போதுமானவை. சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போடும் வழக்கமுள்ள கூடத்தில், ஃபுல் எச்டிக்காகக் கொடுத்த கூடுதல் பணத்தின் பெரும்பகுதி வழியிலேயே காற்றில் கரைந்தது.

2010 அக்டோபரில் தில்லி காமன்வெல்த் விளையாட்டுகளைத் தூர்தர்ஷன் உயர்தெளிவில் ஒளிபரப்பியது. பெங்களூரு உள்ளிட்ட நகரங்களில் கம்பிவடச் சேவை டிஜிட்டலுக்கு மாற வேண்டிய காலக்கெடு 2013 மார்ச் 31. அதே ஆண்டு டிசம்பரில் பானாசோனிக் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது. 2014இல் சாம்சங்கும் எல்ஜியும் விலகின. நிரல்படுத்திப் பார்த்தால், பிளாஸ்மாவின் மேன்மையை வெளிக்கொணரத்தக்க ஒளிபரப்பு இந்நகரின் பெரும்பாலான வீடுகளுக்கு எட்டத் தொடங்கியபோது பிளாஸ்மா கடையை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. உயர்ந்த படத்தைப் புறக்கணித்தவர் என்ற பழியை அந்நகரத்து நுகர்வோர்மேல் சுமத்துவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பே அவருக்குத் தரப்படவில்லை.

எல்சிடியின் பக்கவாட்டுக் குறை எவ்வாறு நீங்கியது என்பது இரண்டாம் இடைவெளி. இதற்கு 1977க்குச் செல்ல வேண்டும். சி. வி. ராமன் 1948இல் நிறுவிய ராமன் ஆய்வுக் கழகத்தில், அவருடைய தங்கை சீதாலட்சுமியின் மகன் சிவராமகிருஷ்ண சந்திரசேகர் 1971 முதல் திரவப் படிக ஆய்வை நடத்திவந்தார். (நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் வேறொருவர். தளவிளைவுற்ற ஒளியின் கட்டம் பற்றிய ஆய்வால் அறியப்படும் பஞ்சரத்தினம் இவருடைய உடன்பிறப்பு.) திரவப் படிக நிலை கோல் போன்ற நீண்ட மூலக்கூறுகளுக்கே உரியது என்பது அதுவரை நிலவிய கருத்து. சந்திரசேகர், பி. கே. சதாசிவா, கே. ஏ. சுரேஷ் மூவரும் பென்சீன் வளையத்தின் ஆறு மூலைகளிலும் நீண்ட சங்கிலிகளை இணைத்து, வட்டு வடிவ மூலக்கூறும் திரவப் படிகமாகும் என்று நிறுவினர். வட்டுகள் நாணய அடுக்குப் போலத் தூண்களாக நின்றன. பத்துப் பக்கக் கட்டுரையாக அது வெளியானது பெங்களூரிலேயே பதிப்பிக்கப்படும் 'பிரமாணா' இதழில். உலகப் புகழ் பெற்ற இதழைத் தேடி ஓடாமல் உள்ளூர் இதழில் வெளியிட்ட கட்டுரை, ஒரு புதிய துறையின் தொடக்கமாக உலகெங்கும் மேற்கோளானது.

இதற்குத் தொலைக்காட்சியோடு என்ன உறவு? முறுக்கிய நெமாட்டிக் திரையில் மின்னழுத்தம் கொடுத்துக் கருமையைக் காட்டும்போது நடுவிலுள்ள கோல் மூலக்கூறுகள் நிமிர்ந்து நிற்கின்றன. கண்ணாடியை ஒட்டியவை சாய்ந்தே கிடக்கின்றன. நேராகப் பார்ப்பவருக்குத் தீங்கில்லை. சாய்வாகப் பார்ப்பவருக்கு அக்கோல்களின் இரட்டை ஒளிவிலகல் ஒளியைக் கசியவிடுகிறது. கோலுக்கு எதிர்க்குறி ஒளிவிலகல் கொண்டது வட்டு. வட்டு மூலக்கூறுகளைக் கோல்களின் சாய்வுக்கு ஈடாகப் படிப்படியாகச் சாய்த்து உறையவைத்த மெல்லேட்டை இருபுறமும் ஒட்டினால் ஒன்றின் விளைவை மற்றொன்று சமன்செய்துவிடும். 1990களின் நடுவில் ஜப்பானின் ஃபுஜிஃபிலிம் டிரைஃபீனைலீன் வகை வட்டு மூலக்கூறுகளைக் கொண்டு இத்தகைய ஏட்டை வணிக உற்பத்திக்குக் கொண்டுவந்தது.

இங்கே மிகைப்படுத்தலைத் தவிர்க்க வேண்டும். அந்த ஏடு பெரிதும் பயன்பட்டது கணினித் திரைகளில். பெரிய எல்சிடி தொலைக்காட்சிகள் ஹிட்டாச்சியின் ஐபிஎஸ் முறையையோ, மூலக்கூறுகளைச் செங்குத்தாக நிறுத்தும் முறைகளையோ நாடின. பின்னதில் முன்னோடியாக இருந்தது பிளாஸ்மாவிலும் முன்னோடியான ஃபுஜிட்சு என்பது சுவையான செய்தி. ஆயினும் எல்சிடி ஆலைகளுக்கு முதலீடு திரண்டது மடிக்கணினி, கணினித் திரை விற்பனையிலிருந்துதான். அந்த வருவாயின் மேல் எழுந்தவையே 2006இல் ஷார்ப் கமேயாமாவில் தொடங்கிய எட்டாம் தலைமுறை ஆலை போன்றவை. அங்கே ஒரே கண்ணாடித் தகடு 2160க்கு 2460 மில்லிமீட்டர். கணினிக்கென வளர்ந்த அடித்தளம் பிளாஸ்மாவுக்குக் கிடையாது. வட்டு மூலக்கூறு தொலைக்காட்சிக்கு நேரே வந்து சேரவில்லை. அலுவலக மேசை வழியாகச் சுற்றி வந்தது. அம்மேசைகளில் பல்லாயிரம் பெங்களூரின் மென்பொருள் வளாகங்களில்தான் இருந்தன.

திரைத் தொழில் இந்நகருக்கு அந்நியமும் அன்று. 1954இல் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ், 1970ஐ ஒட்டிக் கறுப்பு வெள்ளைப் படக்குழாய் உற்பத்தியில் இறங்கியது. பெங்களூருக்குத் தொலைக்காட்சி நிலையம் வந்தது அதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான். 1991இல் சந்திரசேகர் ஜாலஹள்ளியில், அந்நிறுவனம் தந்த இடத்தில், திரவப் படிக ஆய்வு மையத்தை நிறுவினார். அடிப்படை ஆய்வு, கண்ணாடிக் குழாய் செய்து பழகிய கைகள், அரசு நிறுவனத்தின் ஆதரவு மூன்றும் ஒரே புறநகரில் கூடின. கூடாதது மூலதனம். ஒரு தலைமுறை ஆலைக்குத் தேவைப்பட்ட முதலீட்டை ஜப்பானும் கொரியாவும் தைவானும் அடுத்தடுத்துச் செய்த ஆண்டுகளில், இந்தியத் தொழிற்கொள்கை பலகையை இறக்குமதி செய்து பெட்டி பூட்டுவதோடு நின்றது. 'ஆய்வு இருந்தும் தொழில் இல்லை' என்று விஞ்ஞானிகளை நோக்கி விரல் நீட்டும் வழக்கமான விமர்சனம் இங்கே குறி தவறுகிறது.

சந்திரசேகருக்கு 1994இல் ராயல் சொசைட்டியின் அரச பதக்கமும் 1998இல் பத்ம பூஷணும் கிடைத்தன. 2004 மார்ச் 8 அன்று அவர் மறைந்தார். பிளாஸ்மாவா எல்சிடியா என்ற வினா பெங்களூரின் கடைகளில் பரவலாகக் கேட்கப்பட்டது அதன் பிறகே. அவர் நிறுவிய மையம் 2010இல் மென்பொருண்ம ஆய்வு மையம் என்றும், 2014இல் நானோ மற்றும் மென்பொருண்ம அறிவியல் மையம் என்றும் பெயர் மாறியது. நகரத்தின் வீடுகளில் திரவப் படிகம் குடியேறிய அதே ஆண்டுகளில், அந்தச் சொல் ஜாலஹள்ளியின் பெயர்ப் பலகையிலிருந்து இறங்கியது.