நிறத்தை விற்ற எழுத்தும் நெஞ்சை நிமிர்த்திய எழுத்தும்

பசித்தவனிடம் சோற்றின் பெருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் நெல்லை விற்க எவரும் நாவன்மையைத் தேடியதுமில்லை. இல்லாத குறையை உண்டென்று நம்பவைத்து விற்கும்போதுதான் சொல்லுக்குச் சாமர்த்தியம் தேவைப்படுகிறது. அவ்வாறு நம் நாட்டில் விற்கப்பட்டவற்றுள் இளம்பெண்களின் உள்ளத்தில் ஆழமாகத் தைத்தது மேனி நிறம். அந்த வாணிபத்திற்குத் துணைநின்ற எழுத்து எப்படி வென்றது, அதனை எதிர்த்த எழுத்து எங்கே தோற்றது, எங்கே வென்றது என்று ஆராய்ந்து பார்ப்பது, பெண்மக்களைப் பெற்ற நமக்குப் பயனளிக்கும்.

1975ஆம் ஆண்டில் ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனம் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் முகக் கிரீமைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் சென்னையில் தொலைக்காட்சி நிலையமும் தொடங்கப்பெற்றது. கிரீமும் திரையும் பின்னாளில் ஒன்றற்கொன்று உற்ற துணையாயின. நம் பகுதியில் சபுர் போன ஆண்கள் ஊர் திரும்பும்போது கொண்டுவந்த பெட்டிகளில் வாசனைச் சோப்பும் பவுடரும் இருந்தது போலவே முகக் கிரீமும் இடம்பெற்றது. வசதியற்றோர் வீட்டுக்கும் வழி பிறந்தது. கடலூரில் 1983ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு நிறுவனம், சிறு பாக்கெட்டில் ஷாம்பூ விற்று வளர்ந்தது. பின்னாளில் கெவின்கேர் என்று பெயர் பெற்ற அந்நிறுவனம் 1998இல் ‘ஃபேரெவர்’ என்னும் சிவப்பழகுக் கிரீமை வெளியிட்டது. 2006 முதல் 2011 வரை அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் டெல்டாவின் குடிசைகளுக்கும் சென்று சேர்ந்தன. வெயிலில் நின்று நாற்று நடும் பெண்ணின் மகள், வெயிலே படாத முகங்களை நாள்தோறும் காணலானாள்.

அந்த விளம்பரங்களின் சொல்முறையைக் கூர்ந்து நோக்கினால் நான்கு உத்திகள் புலப்படும். முதலாவது, ஒப்பீடு: முன்னே வாடிய கருமுகம், பின்னே மலர்ந்த வெண்முகம். இரண்டாவது, அளவை: நிறப்பட்டை ஒன்றைக் காட்டி, முகத்தைத் துணிபோல் தரம் பிரித்தல். மூன்றாவது, கதை: வேலையும் வரனும் கிடைக்காத பெண், கிரீம் பூசிய சில வாரங்களில் இரண்டையும் பெற்றுவிடுவாள். நான்காவது, வீட்டில் ஏற்கெனவே நிலவும் நம்பிக்கையைத் தனக்குச் சான்றாக்கிக் கொள்ளுதல். கருவுற்ற பெண் குங்குமப்பூப் பால் அருந்தினால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பது நம் பாட்டிமார் பரம்பரையாகச் சொல்லி வருவது. ஃபேரெவர் கிரீமோ குங்குமப்பூவையும் பாலையும் முன்னிறுத்தியே விற்கப்பட்டது. விளம்பரக்காரன் புதிய விதையொன்றும் கொண்டுவரவில்லை. நம் வீட்டு நாற்றங்காலிலேயே நாற்றுப் பறித்தான்.

இதனை எதிர்த்து எழுதியோர் பலர். ஆயினும் அவர்களுள் கணிசமானோர் பெண்பிள்ளையையே நோக்கிச் சினந்தனர். ‘அலங்கார மோகம்’, ‘சினிமாப் பித்து’, ‘நாகரிக மயக்கம்’ என்று அவளையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினர். விளம்பரம் அவளிடம், “உன் முகத்தில் குறை” என்றது. கட்டுரையாளரோ, “உன் அறிவில் குறை” என்றார். இரு பக்கமிருந்தும் குறையே கேட்ட சிறுமி, அழகாவது தருகிறேன் என்று ஆசை காட்டியவனிடமே சென்றதில் வியப்பென்ன?

அரபு மத்ரஸாக்களில் பலாகா எனப்படும் சொல்லணிக் கலையைப் பயில்வோர் முதற்பாடங்களிலேயே ஓர் அரிய விதியைக் கற்கின்றனர். கேட்போரின் நிலைக்கேற்பச் சொல் அமைய வேண்டும் என்பதே அவ்விதி. கேட்போர் மூவகையினர். செய்தியை அறவே அறியாதவருக்கு அதனை வெறுமனே உரைத்தால் போதும். ஐயுற்றுத் தயங்குபவருக்குச் சிறிது உறுதி சேர்த்துச் சொல்ல வேண்டும். பிடிவாதமாக மறுப்பவருக்கோ வலியுறுத்தல் மேல் வலியுறுத்தலாகச் சொல்ல வேண்டும். ‘யாஸீன்’ அத்தியாயத்தில் ஓர் ஊருக்குச் சென்ற தூதர்களின் சொல், ஊரார் மறுக்க மறுக்க அழுத்தம் பெறுவதை இதற்குச் சான்றாக ஆசிரியர்கள் காட்டுவர்.

இவ்விதியை நம் பொருளுக்குப் பொருத்திப் பார்ப்போம். நிறத்தில் உயர்வு தாழ்வு உண்டென்றே அறியாத பச்சிளங் குழந்தை முதல் வகை. கண்ணாடி முன் நின்று, ‘நான் அழகில்லையோ?’ என்று மருகும் பதின்பருவத்தாள் இரண்டாம் வகை. நிறமே தகுதி என்று சாதிக்கும் வணிகரும் பெரியவர்களும் மூன்றாம் வகை. மறுப்பவருக்கு உரிய கடுஞ்சொல்லைத் தயங்குபவள் மேல் வீசியதே நம் எழுத்தாளர் பலரின் தோல்விக்குக் காரணம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வழிமுறை இதற்கு நேர்மாறானது. நபித்தோழர் அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துரைத்தபோது, அறியாமைக் காலத்தின் குணம் உம்மிடம் இன்னும் ஒட்டியிருக்கிறது என்னும் கருத்துப்பட நபியவர்கள் கடிந்தார்கள். இழிக்கப்பட்டவர் பிலால் (ரலி) என்பர். கண்டனம் இழித்தவரை நோக்கியதேயன்றி, இழிவுக்கு ஆளானவரை நோக்கியதன்று. மதீனாப் பள்ளிவாசலைப் பெருக்கி வந்த ஒரு கறுப்பினப் பெண்மணி இறந்தபோது, அதனை ஒரு பொருட்டாக எண்ணாமல் தோழர்கள் அவரை அடக்கம் செய்துவிட்டனர். நபியவர்களோ அவரைக் காணாமல் விசாரித்து, தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று வினவி, அடக்கத்தலத்திற்கே சென்று தொழுதார்கள். அற்பமாய் எண்ணியவர்களுக்கு அதைவிட அழுத்தமான மறுப்புரை வேறு எது?

தயங்கும் உள்ளத்திற்கு உறுதி சேர்க்கும் கலையைப் பஸராவின் பேரறிஞர் ஜாஹிழ் நமக்குக் காட்டுகிறார். ஹிஜ்ரி 255இல் மறைந்த அவர், கறுப்பின மக்களின் பெருமையைப் பேசுவதற்கென்றே தனி நூல் ஒன்று யாத்தார். அந்நூல் இரக்கம் கோரிக் கெஞ்சவில்லை. லுக்மானுல் ஹகீம், பிலால், பத்ருப் போரில் உயிர்நீத்த மிஹ்ஜஃ எனப் பெருமக்களின் பெயர்களை நிரல்படக் காட்டியது. கருமை தண்டனையன்று, வாழும் நிலத்தின் தன்மை என்று காரணம் கூறியது. கறுப்பு நிறத்தார் தம் பெருமையைத் தாமே எடுத்துரைப்பது போன்று அது எழுதப்பட்டமையே அதன் வலிமை.

இந்தியாவில் வெற்றி கண்ட முயற்சிகளும் இவ்வழியில் நடந்தவையே. மகன் இல்லையே என்று தந்தை ஏங்க, மகள் கிரீம் பூசி விமானப் பணிப்பெண்ணாகிக் குடும்பத்தைக் காப்பதாகக் காட்டிய விளம்பரம் ஒன்று உண்டு. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் அதனைக் கண்டு பெண்களைக் கடியவில்லை. நிறுவனத்தின் மீதே முறையிட்டது. 2003இல் அவ்விளம்பரம் நிறுத்தப்பட்டது. 2009இல் சென்னையில் கவிதா இமானுவேல் நிறுவிய ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு, கருமையும் அழகே என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதற்குத் துணைநின்றார். 2014இல் இந்திய விளம்பரத் தரக் குழுமம் விதிமுறை வகுத்தது: கருநிறத்தாரை அழகற்றவராகவோ, துயருற்றவராகவோ, திருமணத்திலும் வேலையிலும் பின்தங்கியவராகவோ காட்டலாகாது. 2020இல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதை அடுத்து உலகெங்கும் எழுந்த கண்டனத்தின்போது, அந்தப் பழைய கிரீம் தன் பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்னும் சொல்லைக் கைவிட்டு ‘குளோ அண்ட் லவ்லி’ ஆயிற்று. பெயர் மாறியது, விற்பனை நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை? விதிமுறை தொலைக்காட்சியைக் கட்டுப்படுத்தலாம். நம் வீட்டுத் திண்ணையை அது கட்டுப்படுத்த இயலாது. வரன் பேசும்போது மார்க்கப் பற்றையும் குணத்தையும் கேட்கும் முன்பே, “பெண் என்ன நிறம்?” என்று கேட்கும் வழக்கம் கூத்தாநல்லூரிலிருந்து அதிராம்பட்டினம் வரை நம்மிடையே மறைந்துவிட்டதா? “மாநிறந்தான், ஆனால் களையான முகம்” என்று பெண்ணைப் பெற்றவரே மன்னிப்புக் கோரும் குரலில் சொல்வதைக் கேட்டதில்லையா? பக்கத்து அறையில் இருந்து அதனைக் கேட்கும் மகளுக்கு அதுவே முதல் விளம்பரம். கடையில் இருப்பது இரண்டாவதுதான்.

இதற்கு மறுமொழியும் காவிரிப் படுகையிலேயே உண்டு. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளி சென்றவரல்லர். 1938இல் ‘காதலா கடமையா’ என்னும் நாவலை வெளியிட்டார். உ. வே. சாமிநாதையர் அதனைப் பாராட்டினார். அவ்வம்மையாரின் பெயரைச் சொல்லும்போது அவருடைய எழுத்துத்தான் நினைவுக்கு வருகிறது. நிறத்தை யாரும் கேட்பதில்லை. மருகி நிற்கும் பெண்ணுக்கு அறிவுரை நூறு சொல்வதினும் இத்தகைய ஒருவரின் வரலாற்றைச் சொல்வது மேல். விளம்பரம் கதையால் வென்றது. கதையைக் கதையால்தான் வெல்ல இயலும்.

ஆதலின் எழுதுவோரும் பேசுவோரும் பெற்றோரும் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். சிறு குழந்தைக்கு, நிறங்களின் வேறுபாடு இறைவனின் அத்தாட்சி என்னும் திருமறைக் கருத்தை எளிமையாகச் சொல்லிவைப்போம். தயங்கும் மகளுக்குச் சான்றோரின் வரலாற்றைக் கனிவோடு காட்டுவோம். கடுமையை, வரன் பேச வந்து நிறம் கேட்பவருக்கென்று வைத்துக்கொள்வோம்.

உருவத்தை அழகாகப் படைத்த இறைவனிடம் குணத்தையும் அழகாக்குமாறு வேண்டும் துஆ ஒன்றை நபியவர்கள் நமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். கண்ணாடி பார்க்கும்போது அதனை ஓதுவோரும் உண்டு. விளம்பரம், நீ அழகற்றவள் என்று தொடங்குகிறது. அந்த துஆவோ, நீ அழகாகவே படைக்கப்பட்டாய் என்று தொடங்குகிறது. நம் பெண்மக்கள் கண்ணாடி முன் நிற்கையில் எந்தச் சொல் முதலில் அவர்கள் நெஞ்சில் எழ வேண்டும் என்பது, வீட்டில் நாம் பேசும் பேச்சில்தான் இருக்கிறது.