ஒரே குளத்தில் வாத்தும் பன்றியும்

அஸ்ஸாமுக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆகிறது. வங்கியில் விவசாயக் கடன் பிரிவு. போன மாதம் காம்ரூப் மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். கடன் கேட்டவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம். உள்ளே மீன், மேலே வாத்து, கரையில் பன்றிக்கொட்டில். கொட்டில் கழுவிய தண்ணீர் குளத்துக்குப் போகும், அந்த எருவில் மீன் வளரும். எதுவும் வீணாகாது. ஒருங்கிணைந்த பண்ணை என்று அரசுத் துறைகளே சிபாரிசு செய்கிற முறைதான். கணக்கும் கச்சிதமாக இருந்தது. ஆனால் வாத்து நீந்துகிற தண்ணீரையே பன்றியும் குடிப்பதைப் பார்த்ததும் எனக்கு எங்கேயோ உதைத்தது. 2008 நவம்பரில் இதே மாவட்டத்தில்தான் பறவைக் காய்ச்சல் வந்தது.

பறவைக் காய்ச்சல் பன்றிக்குப் போனால் என்ன ஆகும்? இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1918. உலகமே விஷக்காய்ச்சலில் சுருண்டு கிடந்த வருடம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜே. எஸ். கோயன் என்று ஒரு கால்நடை மருத்துவர். அந்த இலையுதிர் காலத்தில் பன்றிகள் கூட்டம் கூட்டமாக இருமிப் படுத்தன. வீட்டில் மனிதர்களுக்குக் காய்ச்சல், கொட்டிலில் பன்றிகளுக்கும் காய்ச்சல். இரண்டும் ஒரே நோய்தான் என்றார் கோயன். பன்றி வளர்ப்பவர்களுக்கும் கறி வியாபாரிகளுக்கும் கோபம் வந்துவிட்டது. இப்படிச் சொன்னால் பன்றிக்கறியை யார் வாங்குவார்கள்?

1931-ல் ரிச்சர்ட் ஷோப் பன்றியிடமிருந்து அந்த வைரஸைப் பிரித்துக் காட்டினார். 1933-ல் லண்டனில் மனித வைரஸும் கிடைத்தது. இரண்டும் நெருங்கிய உறவு. கோயன் சொன்னது சரி. அந்த வருடம் மனிதனிடமிருந்துதான் பன்றிக்குப் போயிருக்கும் என்பது இன்றைய பொதுவான கருத்து.

பன்றிக்கு ஏன் இந்தப் பொல்லாப்பு? அதன் மூச்சுக்குழாயில் பறவை வைரஸும் ஒட்டும், மனித வைரஸும் ஒட்டும். இன்ஃபுளுவென்சா வைரஸின் மரபுப்பொருள் 8 தனித்தனித் துண்டுகள். இரண்டு வைரஸ்கள் ஒரே செல்லுக்குள் நுழைந்தால், இரண்டு சீட்டுக்கட்டைச் சேர்த்துக் குலுக்கிப் போட்ட மாதிரி, புதுசாக ஒன்று கிளம்பலாம். 1957, 1968 கொள்ளைநோய்களின் வைரஸ்களில் பறவைத் துண்டுகள் இருந்தன. அந்தக் கலப்பு பன்றியில்தான் நடந்தது என்பதற்கு மட்டும் நிரூபணம் இல்லை.

நிரூபணம் உள்ள கதை ஒன்று இருக்கிறது. 1979 வாக்கில் ஐரோப்பாவில் வாத்துகளின் வைரஸ் ஒன்று முழுசாகப் பன்றிகளுக்குத் தாவி, அங்கேயே குடியேறிவிட்டது. முப்பது வருடம் கழித்து, 2009-ல் பன்றிக் காய்ச்சல் என்று உலகத்தைச் சுற்றி வந்த வைரஸின் 8 துண்டுகளில் 2 அந்த வம்சத்தைச் சேர்ந்தவை. மற்ற 6, வட அமெரிக்கப் பன்றிகளிடம் சுற்றிக்கொண்டிருந்த வைரஸிலிருந்து வந்தவை. அதுவே பறவை, மனிதன், பன்றி மூன்றும் கலந்த கலவை. 2009 ஆகஸ்டில் புனேயில் இந்தியாவின் முதல் மரணம். எங்கேயோ ஒரு வாத்து எப்போதோ எச்சமிட்டதன் கணக்கு அங்கே வந்து நின்றது.

2024 அக்டோபரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வீட்டுப் பண்ணை. கோழிகளுக்கு எச்5என்1. ஒரே தண்ணீர், ஒரே கொட்டகை, ஒரே சாமான்கள். அங்கே இருந்த 5 பன்றிகளில் 2-க்குத் தொற்று உறுதியானது. அந்த நாட்டில் பன்றிக்கு எச்5என்1 வந்தது அதுவே முதல் முறை. கவனியுங்கள், அந்தப் பன்றிகளுக்கு நோய் அறிகுறியே இல்லை. கோழி செத்ததால்தான் சோதித்தார்கள்.

அதாவது, செத்த கோழியைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால்தான் பன்றியின் விஷயம் வெளியே வரும்.

இதையெல்லாம் கடன் கேட்டவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை அஸ்ஸாமியில் சொன்னேன். 2020-ல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் (அது வேறு நோய், மனிதருக்கு வராது) பன்றிகளை மொத்தமாக இழந்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ரெண்டு வாத்து செத்ததைப் போய்ச் சொன்னால் மீதி இருக்கிறதையும் கொன்றுவிடுவார்களே சார்?"

2008 ஜனவரியில் மேற்கு வங்காளத்துக் கிராமங்களில் கோழிகளை ஒளித்து வைத்தவர்களின் கேள்வியும் இதுதான். 1918-ல் கோயன் மீது வந்த கோபமும் இதுதான். உண்மையைச் சொன்னால் பிழைப்பு போகும் என்றால் யார் சொல்வார்கள்? அழிக்கப்படும் பறவைக்கு அரசு நஷ்டஈடு உண்டு. அது கைக்கு வரும் வரை அடுப்பு எரிய வேண்டுமே.

கடனுக்குச் சிபாரிசு செய்துவிட்டேன். பன்றிக்குத் தனிக் குழாய்த் தண்ணீர், குளத்துக்கும் கொட்டிலுக்கும் நடுவே வேலி, வாத்துக்கும் சேர்த்துக் காப்பீடு என்று மூன்று நிபந்தனைகள். வேலிக்கான செலவையும் கடனிலேயே சேர்த்தேன். மேலதிகாரி, "வாத்துக்கு எதுக்குய்யா இவ்வளவு?" என்று கேட்டார்.

மேலே எழுதியதைத்தான் அவருக்கும் சொன்னேன்.