ஈயம் தீர்ந்தது, கழிமுகம் பிழைத்தது

நம் நாட்டின் முதல் ரயில் எங்கே ஓடியது என்று கேட்டால், பலர் கோலாலம்பூரைச் சொல்வார்கள். உண்மையில் அது ஓடியது நம் தைப்பிங்கில். 1885 ஜூன் 1-ஆம் தேதி, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை சுமார் 13 கிலோமீட்டர் தூரத்துக்குப் பாதை திறக்கப்பட்டது. லாருட் ஈய லம்பங்களின் ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோவதே அதன் வேலை. இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படைத் தொழிலாளர்கள் அந்தச் சேற்று நிலத்தில் பாதை அமைத்தார்கள்.

ஆளுநர் பிரடரிக் வெல்டின் பெயர் தாங்கிய அந்தத் துறைமுகம்தான் இன்றைய கோலா செபெத்தாங். ரயில் பாதை பிறை வரை நீண்டதும், சரக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. துறைமுகத்தின் மவுசு குறைந்தது. 1980-களில் தண்டவாளமும் போனது. மிஞ்சியிருப்பது பழைய நிலையப் பெயர்ப்பலகை. அதில் ஆங்கிலம், ஜாவி, சீனத்தோடு தமிழும் இருக்கிறது. நம்மவர் அந்தப் பாதையில் நடமாடியதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஈயமும் ரயிலும் போனபின், ஊரை வாழவைத்தது எது? சுற்றியுள்ள மாத்தாங் சதுப்புநிலக் காடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காப்புக்காடாக்கப்பட்ட அதன் பரப்பு சுமார் 40,000 ஹெக்டர். அங்கே பாக்காவ் மரத்தை வெட்டவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கணக்கோடு வெட்டு என்றார்கள். ஒரு பகுதியில் ஒருமுறை வெட்டினால், மறுமுறை வெட்ட 30 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கன்று தானாக முளைக்காத இடத்தில் நட்டுவிட வேண்டும். அந்த மரம்தான் செங்கல்லால் கட்டிய கரிச் சூளைகளில் கரியாகிறது.

அலை ஓங்கி அடித்தால் பாக்காவ் வேர்கள் அதன் வேகத்தைத் தணிக்கின்றன. வண்டலைப் பிடித்து நிறுத்துகின்றன. இறால் குஞ்சும் நண்டும் அந்த வேர்களுக்கிடையில்தான் வளர்கின்றன. வெளியே சேற்றுப்பரப்பில் சிப்பி வளர்க்கிறார்கள். இரவில் ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாகக் கண்சிமிட்டுகின்றன. பக்கத்துக் கோலா குலாவுக்கு வலசைப் பறவைகள் வருகின்றன.

ஆனால், நேயர்களே, காட்டுக்குள் மட்டும் கட்டுப்பாடு இருந்தால் போதாது. மேட்டு நிலத்து ஊர்களில் நாம் சாக்கடையில் வீசும் பிளாஸ்டிக் பையும், ஆற்றில் கலக்கும் கழிவும் கடைசியில் போய்ச் சேரும் இடம் கழிமுகம்தான். ஈயத்தை அள்ளியவர்கள் நாளையை நினைக்கவில்லை, அது தீர்ந்தது. மரத்தை வெட்டியவர்கள் 30 ஆண்டு முன்னே பார்த்தார்கள், காடு நின்றது. இந்த இரண்டில் எந்த வழி நம் பிள்ளைகளுக்கு நல்லது என்பதை நீங்களே சொல்லுங்கள்.