காற்று மெத்தையும் அதன் ஓரமும்: வீட்டில் செய்யும் ஹோவர்கிராஃப்டின் வரலாறு

ஹோவர்கிராஃப்ட் என்பது தனக்கு அடியில் காற்றை அடைத்து, அந்தக் காற்றின் மேல் ஏறி நகரும் ஊர்தி. காற்று மெத்தை ஊர்தி என்றும் சொல்வார்கள். ஊதுகருவி ஒன்று காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். அது ஓரம் வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும். வரவும் கசிவும் சமமாகும் உயரத்தில் ஊர்தி மிதக்கும். பிளைவுட் பலகை, பிளாஸ்டிக் தாள், ஊதுகருவி ஆகிய மூன்றை வைத்துக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்து போகக்கூடிய ஹோவர்கிராஃப்டை வீட்டிலேயே செய்துவிடலாம். அறிவியல் கண்காட்சிகளில் பலரும் பார்த்திருக்கும் இந்த வடிவத்தை விளையாட்டுப் பொருளாக ஒதுக்கிவிட்டு, பெரிய ஊர்திகளின் கதையை மட்டும் வரலாறு என்று எழுதுவது வழக்கம். அந்த வழக்கம் திருத்தப்பட வேண்டும். ஹோவர்கிராஃப்டின் அடிப்படைச் சோதனை சமையலறைச் சாமான்களைக் கொண்டே நடந்தது. பிறகு அதைக் கடலில் ஓடும் ஊர்தியாக்கியதும், என்ஜினுக்கு நிகராக, ஓரத்தில் தொங்கும் ரப்பர் பூசிய துணிப் பாவாடை. ஆகவே இதன் வரலாறு பாதிக்குப் பாதி வெட்டுதல், ஒட்டுதல், தைத்தல் என்ற கைவேலைகளின் வரலாறு. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றுப் படுகையில் பரவிக் கிடக்கும் தோல் வட்டாரத்தை இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கக் காரணம் அதுதான்.

கருத்து பழையது. 1716இல் சுவீடன் நாட்டு அறிஞர் இம்மானுவேல் சுவீடன்போர்க், கவிழ்த்த படகு போன்ற ஓர் ஊர்தியின் அடியில் துடுப்புகளால் காற்றைத் தள்ளி அதைத் தூக்கும் திட்டத்தை வரைந்தார். மனித பலம் போதாது என்பது அவருக்கே தெரிந்ததால் அது காகிதத்தோடு நின்றது. 1870களில் ஆங்கிலேயக் கப்பல் கட்டுநர் ஜான் தோர்னிகிராஃப்ட், படகின் அடியில் காற்றைச் செலுத்தி நீரின் உராய்வைக் குறைக்கப் பார்த்தார். என்ஜின் இல்லாததுதான் அன்றைய தடை, நல்ல என்ஜின் வந்ததும் ஹோவர்கிராஃப்டும் வந்துவிட்டது என்று சிலர் முடித்துவிடுவார்கள். அடுத்த கட்ட வரலாறு இதற்கு இடம் தரவில்லை. 1915இல் ஆஸ்திரிய–ஹங்கேரியக் கடற்படைக்காக முல்லர் வான் தோமாமூல் கட்டிய அதிவேகக் காற்று மெத்தைப் படகில் விமான என்ஜின்களே இருந்தன. 1930களில் சோவியத் பொறியாளர் விளாதிமிர் லெவ்கோவ் கட்டிய படகுகளிலும் அவையே. அவருடைய எல்–5 மணிக்குச் சுமார் 130 கி.மீ. வேகம் கண்டது. இத்தனை பலம் இருந்தும் இவை ஊர்தி இனமாக வேர்விடவில்லை. பிடித்த காற்றை ஓரத்தில் நிறுத்திவைக்கும் வழி சரியாகப் பிடிபடாததே, என் கணிப்பில், முக்கியக் காரணம்.

அந்த வழியைத் தேடியவர் கிறிஸ்டோபர் காக்கரெல். மார்கோனி நிறுவனத்தில் 1935 முதல் 1950 வரை மின்னணுப் பொறியாளராக இருந்துவிட்டு, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் சிறிய படகுக் கொட்டகை நடத்திக்கொண்டிருந்தவர். பூனை உணவு டப்பா ஒன்றைச் சற்றுப் பெரிய காபி டப்பாவுக்குள் வைத்து, இரண்டுக்கும் நடுவே உள்ள வளைய இடைவெளி வழியாகக் காற்றைக் கீழ்நோக்கி ஊதினார். காற்று தூசி உறிஞ்சும் இயந்திரத்திலிருந்து வந்தது. கீழே சமையலறைத் தராசு. ஒற்றை டப்பாவைவிட வளையத்திலிருந்து வரும் காற்று தராசை அதிகமாக அழுத்தியது. ஓரத்தைச் சுற்றி இறங்கும் காற்றுத் திரையே உள்ளிருக்கும் காற்றுக்குச் சுவராகிவிடுகிறது என்பதை அந்தத் தராசு சொன்னது. 1955 டிசம்பர் 12 அன்று அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பிரிட்டிஷ் அரசு முதலில் இதை இராணுவ ரகசியமாக்கியது. ஆனால் கடற்படை இது விமானம் என்றும், விமானப்படை இது படகு என்றும் கைகழுவியது. ரகசியத் தடை நீங்கியபின் சாண்டர்ஸ்–ரோ நிறுவனம் எஸ்.ஆர்.என்.1 என்ற சுமார் 4 டன் ஊர்தியைக் கட்டியது. 1959 ஜூன் 11 அன்று அது மக்கள் முன் ஓடியது. ஜூலை 25 அன்று கலேயிலிருந்து டோவருக்கு ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. அந்தப் பயணத்தில் காக்கரெலும் இருந்தார். ஊர்தியின் சமநிலைக்காக அதன் மேல்தளத்தில் இடம் மாறி மாறி நின்றார்.

கொண்டாட்டத்துக்குப் பின் குறை தெரிந்தது. எஸ்.ஆர்.என்.1 ஒரு சாண் உயரம்தான் எழும்பியது; அதைவிடப் பெரிய அலை வந்தால் திண்டாட்டம். இன்னும் உயர எழுப்ப வேண்டுமானால் இடைவெளி பெருகும், கசிவு பெருகும், என்ஜின் கட்டுப்படியாகாது. விடை செசில் லாட்டிமர்–நீடம் என்பவரிடமிருந்து வந்தது: ஓரத்தைச் சுற்றி வளைந்துகொடுக்கும் பாவாடையைத் தொங்கவிடுவது. அலையோ கல்லோ வந்தால் பாவாடை மடிந்து இடம் விடும், போனதும் காற்றழுத்தத்தால் நிமிர்ந்துகொள்ளும். ஊர்தியின் உடல் உயரத்தில் இருக்க, கசிவு இடைவெளி மட்டும் தரையோடு ஒட்டிச் சிறிதாகவே இருக்கும். பிறகு பாவாடையின் கீழ்ப்பாதியைத் தனித்தனி விரல்களாகப் பிரித்தார்கள். ஒரு விரல் கிழிந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். பக்கத்து விரல்கள் புடைத்து அந்த இடத்தை ஓரளவு அடைத்துக்கொள்ளும். கார்களையும் நூற்றுக்கணக்கான பயணிகளையும் ஏற்றிக்கொண்டு 1968 முதல் 2000 வரை அதே கால்வாயில் ஓடிய எஸ்.ஆர்.என்.4 ஊர்திகள் இந்த நைலான்–ரப்பர் பாவாடையின் மேல்தான் நின்றன. இந்த வரலாற்றில் நான் அதிகம் மதிப்பது பாவாடையைத்தான். வளையக் காற்றுத் திரை என்ற காக்கரெலின் நுட்பம் பின்னால் பெரும்பாலும் கைவிடப்பட்டது, பாவாடை நிலைத்தது.

வீட்டு வடிவத்தைக் கணக்குப் போட்டால் இதே பாடம் கிடைக்கிறது. 120 செ.மீ. விட்டமுள்ள வட்டப் பிளைவுட் பலகையை எடுத்துக்கொள்வோம். அடியில் கனமான பிளாஸ்டிக் தாளைத் தளர்வாக விரித்து, ஓரத்தை மேலே மடித்து ஒட்ட வேண்டும். தாளின் நடுவை ஒரு சிறிய வட்டத் தகடு கொண்டு பலகையோடு இறுக்க வேண்டும். அந்தத் தகட்டைச் சுற்றி ஐந்தாறு துளைகள் வெட்ட வேண்டும். பலகையில் இன்னொரு துளை போட்டு அதில் ஊதுகருவியின் வாயைப் பொருத்தினால், தாள் டியூப் போலப் புடைத்து, துளைகள் வழியாக நடுவில் காற்று நிறைந்து, பலகை எழும்பும். ஆளும் பலகையும் ஊதுகருவியும் சேர்ந்து 75 கிலோ என்றால், 11,300 சதுர செ.மீ. பரப்பில் ஒரு சதுர செ.மீ.க்கு ஏழு கிராம்கூட விழாது. வாயால் ஊதியே தரக்கூடிய அழுத்தம் அது. ஆகவே ஆளைத் தூக்குவது கடினமில்லை, கசிவை ஈடுகட்டுவதுதான் கடினம். அந்த அழுத்தத்தில் ஓரத்தில் வெளியேறும் காற்றின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 120 கி.மீ. சுற்றளவு 377 செ.மீ. அந்தச் சுற்றளவு முழுவதும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், இடுக்கில் காற்றோட்டம் ஒடுங்குவதைக் கழித்த பிறகும், நொடிக்குச் சுமார் 75 லிட்டர் காற்று வேண்டும். தூசு ஊதிவிட மின்கருவிக் கடைகளில் விற்கும் சின்னக் கை ஊதுகருவி அதில் பாதி தந்தால் பெரிது. எனவே அரை மில்லிமீட்டர் இடைவெளிக்குள் ஓரம் தரையோடு படிய வேண்டும். மெருகேற்றிய சிமெண்ட் தரையில் ஓடும் பலகை சொரசொரப்பான வாசலில் நின்றுவிடுவதும், டைல்ஸ் இணைப்புக் கோடுகளில் தடுமாறுவதும் இதனால்தான்.

இது பொறியியலே இல்லை, பெரிய ஊர்திக்கும் இந்தப் பலகைக்கும் சம்பந்தமில்லை என்பது வழக்கமாக எழும் ஆட்சேபம். சம்பந்தம் கணக்கிலேயே இருக்கிறது. தூக்கும் திறன் பரப்பளவைப் பொறுத்தது, கசிவு சுற்றளவைப் பொறுத்தது. விட்டத்தை இரு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகும், சுற்றளவு இரு மடங்குதான். பெரிய ஊர்திகள் கட்டுப்படியாவது இந்த விதியால். சிறியவற்றில் ஓரத்தின் நேர்த்தி உயிர்நாடியாவதும் இதே விதியால். ஆட்சேபத்தின் ஒரு பகுதியை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுப் பலகைக்குத் திசைதிருப்பியும் இல்லை, பிரேக்கும் இல்லை. உராய்வு போய்விட்டதால் ஒருமுறை தள்ளினால் சுவர் வரை போகும். மொட்டை மாடியில் இதை ஓடவிடவே கூடாது. ஊதுகருவிக்கு மின்சாரம் தரும் இணைப்புக்கு எர்த்தும் மின்கசிவுத் துண்டிப்பானும் இருக்க வேண்டும், ஈரத் தரை ஆகாது.

இனி தோல் வட்டாரம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டு ஏற்றுமதி செய்த இந்த ஊர்கள், 1970களில் பச்சைத் தோலுக்கும் அரைப்பதத் தோலுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்தபின், முழுப்பதத் தோலுக்கும் ஷூவுக்கும் நகர்ந்தன. இன்று ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பகுதியான அப்பர் உருவாவதைக் கவனித்தால், டை என்ற வெட்டு அச்சால் துண்டு வெட்டுவது, ஓரத்தைச் சீவி மெலிதாக்குவது, சொல்யூஷன் என்ற பசை தடவி ஒட்டுவது, மடிப்பது, வளைவில் தைப்பது என்று வேலை முழுவதும் ஓரங்களைச் சுற்றியே நடக்கிறது. தட்டையான துண்டுகளைச் சேர்த்து, வளைந்த, இறுக்கமான உருவம் ஒன்றை எழுப்பும் கலை அது. ஹோவர்கிராஃப்ட் பாவாடை கேட்பதும் இதே கலையை.

தோல் இந்த வேலைக்கு உதவாதே என்று கேட்கலாம். உதவாதுதான். மூச்சுவிடும் தன்மை ஷூவில் தோலுக்குப் பெருமை, பாவாடையில் அதுவே குற்றம். போதாக்குறைக்கு நீரை உறிஞ்சிக் கனக்கும். ஆனால் பொருள் மாறினாலும் கைவேலை தொடர்வதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. ஒகேனக்கல் பரிசல்கள் ஒருகாலத்தில் தோல் போர்த்தவை. இன்று அதே மூங்கில் கூட்டின் மேல் பிளாஸ்டிக் சாக்கும் தாரும் வந்துவிட்டன, முடைபவரின் கைநேர்த்தி மட்டும் மாறவில்லை. தோல் வட்டாரத்தில் ரெக்சின் என்ற செயற்கைத் தோல் புழங்காத இடமில்லை. தெருவெங்கும் கட்டி அவிழ்க்கும் ஃபிளெக்ஸ் பேனரும் பாலியெஸ்டர் நெசவின் மேல் பி.வி.சி. பூசியதுதான், நெசவு வலிமை தர, பூச்சு காற்றைத் தடுக்க, அமைப்பில் அது ஹோவர்கிராஃப்ட் பாவாடைத் துணிக்கு உறவு. வீட்டில் செய்பவருக்கு வெறும் பிளாஸ்டிக் தாளைவிட இது பல மடங்கு மேல்.

தையல் ஓட்டைகள் கசியாதா என்பது இன்னும் கூர்மையான கேள்வி. செ.மீ.க்கு நான்கு தையல் வீதம் 377 செ.மீ. ஓரத்தில் சுமார் 1,500 துளைகள் விழும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அகலம், அதில் பாதியை நூல் அடைத்துக்கொள்கிறது என்று வைத்தாலும் மொத்தத் திறப்பு ஆறு சதுர செ.மீ. ஆகிறது. அரை மில்லிமீட்டர் தரை இடைவெளியின் பரப்பு 19 சதுர செ.மீ.தான். தையலை மட்டும் நம்பினால் அனுமதித்த கசிவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சமமான காற்று வீணாகும். ஒட்டிவிட்டுத் தைப்பது, தைத்ததன் உட்புறம் பட்டி ஒட்டுவது என்ற ஷூ வேலை முறை அப்படியே இதற்கு மருந்து. சொல்யூஷன் வாடை தலைக்கேறும், தீப்பிடிக்கும் என்பதால் ஒட்டுவதைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும் என்பதைத் தோல் வட்டாரத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாலாறு பெரும்பாலும் வறண்டு கிடக்க, ஹோவர்கிராஃப்ட் இங்கே எதற்கு என்று கேட்பவர்கள் படகைப் பற்றி யோசிக்கிறார்கள். மணலும் சேறும் முழங்கால் ஆழ நீரும் மாறி மாறி வரும் படுகைக்குத்தான் இந்த ஊர்தி பொருந்தும். 1903 நவம்பரில் வாணியம்பாடியைச் சீரழித்ததும், 2021 நவம்பரில் கரைபுரண்டதும் இதே பாலாறு. ஆயினும் வீட்டில் செய்த பலகையை வெள்ளத்துக்கு எடுத்துப்போவது உயிரோடு விளையாடுவது. சீமைக்கருவேல முள்ளும் உடைந்த கரையும் பாவாடையைக் கிழிக்கும். சரிவில் ஊர்தி பக்கவாட்டில் வழுக்கும். மீட்புக்கு வேண்டியது முறையாகக் கட்டிய ஊர்தி.

அத்தகைய ஊர்திகள் தமிழ்நாட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2000ஆம் ஆண்டு முதல் பிரிட்டனின் கிரிஃபான் நிறுவன வடிவமைப்பிலான ஹோவர்கிராஃப்டுகளைப் பயன்படுத்தும் இந்தியக் கடலோரக் காவல்படைக்கு மண்டபத்தில் தளம் இருக்கிறது. பாக் நீரிணையின் ஆழமற்ற நீரிலும் ராமர் பாலத்து மணல் திட்டுகளிலும் சாதாரணக் கப்பல் அண்ட முடியாது. 2022இல் பொருளாதார நெருக்கடிக்குத் தப்பி வந்து, தனுஷ்கோடியை அடுத்த திட்டில் இறக்கிவிடப்பட்டுத் தவித்த இலங்கைத் தமிழர்களைக் கரைசேர்த்தது இத்தகைய ஊர்தி. 2024 அக்டோபரில் கோவாவின் சௌகுலே நிறுவனத்துடன் ஆறு ஊர்திகளுக்காகப் பாதுகாப்பு அமைச்சகம் 387.44 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. மணலிலும் பாறையிலும் உரசி ஓடும் பாவாடை விரல்கள் தேய்பவை, ஊர்தியின் ஆயுள் முழுவதும் மாற்றப்பட வேண்டியவை.

அந்த விரல்களை ஆம்பூரில் செய்ய முடியுமா? கடல் தரத் துணியை நெய்து ரப்பர் பூசுவது வேறு தொழிற்சாலையின் வேலை. தரச் சான்று இல்லாமல் எந்தப் படையும் வாங்காது. இரண்டும் உண்மை. ஆனால் பூசிய துணி கைக்கு வந்தபின் மிச்சமிருப்பது வெட்டும் ஒட்டும் வேலை. அதற்கான சோதனைகளான ஒட்டு உரியும் வலிமை, கிழிசல் வலிமை, மடித்து மடித்து நீட்டினால் தாங்கும் காலம் ஆகியவை காலணித் துறைக்கு அன்றாடம். 1948 முதல் சென்னை அடையாற்றில் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சில மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிறது. இளையவர்களுக்கான தொடக்கமும் கையெட்டும் தூரத்தில்தான். குறுந்தகடு, பாட்டில் மூடி, பலூன் கொண்டு செய்யும் ஹோவர்கிராஃப்டை, அறிவியல் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற அரவிந்த் குப்தா இந்தியப் பள்ளிகளுக்குப் பழக்கிவைத்தார். 2022 நவம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் வானவில் மன்றத் திட்டம் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை இப்படிப்பட்ட செய்முறைகளுக்கு நேரம் ஒதுக்குகிறது. பலூன் ஹோவர்கிராஃப்டை முடித்த பிள்ளைக்கு அடுத்தது பிளைவுட் பலகை. அதற்கு ஓரம் ஒட்டிக் காட்ட ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ பல வகுப்பறைகளில் ஒரு பிள்ளையின் அம்மாவே போதும், ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பெண்கள் அந்த ஊர்களில் அவ்வளவு பேர்.