ஆவாரை

ஆவாரை: ஆளுயரம் வளரும் பல்லாண்டுப் புதர்ச்செடி; அவரைக் குடும்பம். தாவரவியல் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. பட்டை தோல் பதனிட உதவியது. சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரம் பக்கத்து வறண்ட செம்மண் பூமிக்கு இதைவிடப் பொருத்தமான மஞ்சள் பூச்செடி இல்லை. போகியன்று காப்புக்கட்ட வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரங்கொத்தும் வேண்டும். அதற்காகவாவது வீட்டுக்கு ஒரு செடி இருக்கலாம்.

விதைத்தோல் கெட்டி. சொரசொரப்பான கல்லில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து ஊன்றினால் சீராக முளைக்கும். ஆணிவேர் சீக்கிரம் ஆழம் போவதால் நாற்றைப் பிடுங்கி நடுவதைவிட, நிற்கவேண்டிய இடத்திலேயே விதைப்பது மேல். முழு வெயில் வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. வேர் பிடித்தபின் பாய்ச்சல் அதிகம் கேட்காது.

பூவுக்கு ஐந்து இதழ், பத்து மகரந்தத் தாள். மேலுள்ள மூன்று தாள் மலடு. தேன் கிடையாது. மகரந்தம் தேடி வரும் பெரிய கருந்தேனீ பூவைக் கட்டிப்பிடித்து, ரீங்கரித்து உடம்பை அதிரவைக்கும். அந்த அதிர்வில்தான் தூள் கொட்டும். நின்று பார்க்கவேண்டிய காட்சி. இலையில் பச்சைப்புழு தெரிந்தால் பூச்சிமருந்தை எடுக்காதீர்கள். பெரும்பாலும் அது வெளிர்நிறப் பட்டாம்பூச்சியாக மாறப்போகும் புழு. பூப்பு ஓய்ந்ததும் நுனிகளை வெட்டிவிட்டால் பக்கக்கிளை தழைக்கும்.