ஐம்பது மைலும் ஐம்பத்தெட்டு வயதும்

கருமத்தம்பட்டியிலிருந்து சென்னைக்கு இரவு ரயில் பிடிக்கக் கோவைக்கோ திருப்பூருக்கோ போக வேண்டும். புறப்படும்போதெல்லாம் அம்மா கேட்பது இரண்டுதான்: கீழ் பெர்த் கிடைச்சுதா? டிக்கெட் எவ்வளவு?

இரண்டு கேள்விகளுக்கும் வரலாறு உண்டு. 1890ஆம் ஆண்டு இந்திய ரயில்வே சட்டத்தின் 64ஆம் பிரிவு, ஒவ்வொரு பயணிகள் ரயிலிலும் கடைசி வகுப்பில் ஓர் அறையையாவது பெண்களுக்கென ஒதுக்கச் சொன்னது. ரயில் ஐம்பது மைலுக்கு மேல் ஓடினால் அந்த அறையில் கழிப்பறையும் வேண்டும் என்றது. பெண்ணும் நெடுந்தூரம் போவாள், அவளுக்கும் உடல் உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது. 1989ஆம் ஆண்டுச் சட்டமும் பெண்களுக்கான ஒதுக்கீட்டைத் தொடர்ந்தது. இன்று நெடுந்தூர ரயில்களின் ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கு ஆறு படுக்கைகள் தனியாக உண்டு. 45 வயதைக் கடந்தவர்களுக்குக் கீழ்ப் படுக்கையில் ஒதுக்கீடும் உண்டு.

ஆனால் இடம் வேறு, காசு வேறு. 58 வயதான பெண்களுக்குக் கட்டணத்தில் பாதி குறைந்தது. ஆண்களுக்கு 60 வயதில் 40 விழுக்காடு. கொரோனாக் காலத்தில், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட அந்தச் சலுகை இன்னும் திரும்பவில்லை.

எங்கள் பக்கம் தறிக்குடோனில் தார் சுற்றியே வயதான பெண்களுக்கு ஓய்வூதியம் ஏது? அந்தப் பாதிக் கட்டணம், யாரையும் கேட்காமல் மகள் வீட்டுக்குப் போய்வரும் உரிமையாக இருந்தது. இப்போது "ஒரு டிக்கெட் போட்டுக் குடு சாமி" என்று மகன்முன் நிற்க வேண்டியிருக்கிறது. படுக்கை அவளுக்காக இருக்கிறது. புறப்படும் முடிவுதான் அவள் கையில் இல்லை.