பாயான் லெப்பாஸ் சில்லும் பிள்ளைகளின் திரைகளும்

பினாங்கு விமான நிலையத்திலிருந்து ஜார்ஜ்டவுன் நோக்கி வரும் வழியில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையைக் காண்கிறோம். 1970-க்கு முன் அங்கே நெல்வயல்கள் இருந்தன. 1969-இல் பினாங்கின் தீர்வையற்ற துறைமுகச் சலுகை பறிபோயிற்று. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. அவ்வாண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் யூ அந்நிய நிறுவனங்களைத் தேடிச் சென்று அழைத்தார். 1972-இல் இன்டெல் நிறுவனம், அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் பொருத்தும் ஆலையை அவ்வயல்களுக்கு நடுவே திறந்தது. 1975-இல் அது தீக்கிரையாகி மீண்டும் எழுந்தது.

அங்கே நுண்ணோக்கியில் குனிந்து, தலைமயிரினும் மெல்லிய பொன்கம்பிகளைச் சில்லில் இணைத்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். மலாய்க் கம்பத்துப் பெண்களே அதிகம். நம் பெண்களும் அவர்களிடையே இருந்தார்கள். 1985-இல் பாலம் திறக்கும்வரை பெருநிலத்திலிருந்து வந்தவர்கள் ஃபெரியில்தான் கடலைக் கடந்தார்கள். கண் எரிய எரியச் செய்த வேலை அது. சரித்திரப் புத்தகங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லும். அந்தக் கண்களைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளும்.

அச்சில்லின் வழிவந்ததே இன்றைய பல மடிக்கணினிகளின் மூளை. வீட்டிலிருந்து வேலை செய்யும் நம் பிள்ளைகள் இப்போது இரண்டாவது, மூன்றாவது திரை கேட்கிறார்கள். நாமும் வெள்ளியை எண்ணிக் கொடுத்து வாங்குகிறோம். மாட்டினால் ஒரு திரை இருண்டே கிடக்கிறது. கம்பியின் குற்றமா? பெரும்பாலும் இல்லை. எத்தனை திரைக்குத் தனித்தனிப் படம் அனுப்பலாம் என்பதைச் சில்லே தீர்மானிக்கிறது. 2012 வரை வந்த இன்டெல் சில்லுகளின் உள்ளமைந்த படப்பகுதி, கணினியின் சொந்தத் திரையையும் சேர்த்து இரண்டுக்குத்தான் அனுப்பியது, அவ்வாண்டில்தான் மூன்றாயிற்று. ஆப்பிள் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட எம்1 மடிக்கணினிகளோ வெளித்திரை ஒன்றோடு நின்றுவிட்டன. புதிதென்றால் கூடுதல் என்று எண்ணிவிடக் கூடாது பாருங்கள்.

கம்பிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த பதினைந்து ஊசி விஜிஏ இணைப்பு படத்தை மட்டும் சுமந்தது. பின்வந்த எச்டிஎம்ஐ ஒலியையும் சேர்த்துக்கொண்டது. 2011-இல் இன்டெலும் ஆப்பிளும் வெளியிட்ட தண்டர்போல்ட், படத்தையும் தகவலையும் ஒரே கம்பியில் அனுப்பியது. 2015-இல் அது யூஎஸ்பி-சி என்னும் சிறு நீள்வட்டத் துளைக்குள் புகுந்தது. மின்சாரமும் அதன்வழியே ஏறியது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அவ்வடிவத் துளை எல்லாமே படம் அனுப்புவதில்லை. சில மின்னேற்றவும் தகவல் கடத்தவும் மட்டுமே. அருகில் மின்னல் குறி இருந்தால் தண்டர்போல்ட் என்று அறியலாம். குறி இல்லையென்றால், மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் விவரக் குறிப்பைப் பார்த்த பிறகே கம்பி வாங்க வேண்டும்.

எல்லாம் பொருந்தியும் இரு திரைகளில் ஒரே படம் வந்தால் பதற வேண்டாம். வின்டோஸ் விசையோடு ‘பி’ எழுத்தை அழுத்தி, விரிவாக்கும் முறையைத் தேர்ந்தால் ஒவ்வொரு திரையும் தனி மேசையாகிவிடும்.